18 கேஜ் தொட்டியில் சீரான ஆர்கான் பீடு: 24 மூலைகளின் ஆய்வு

கோவை கணபதியில் நானும் என் மச்சானும் ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். எங்களையும் சேர்த்து ஆறு பேர். ஹோட்டல் சமையலறைக்கு வேண்டிய சிங்க், டேபிள், புகைக்கூண்டு, சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் பெயின் மேரி கவுண்டர், இவைதான் எங்கள் வேலை. எல்லாம் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எல்லாம் மெல்லிய ஷீட். புத்தகத்தில் டிக் வெல்டிங் என்று இருப்பதை எங்கள் பக்கம் ஆர்கான் வெல்டிங் என்றுதான் சொல்வோம். டங்ஸ்டன் முனைக்கும் ஷீட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறிதான் ஆர்க். அது உருக்கிய இடம் குட்டை, அதில் சேர்க்கும் கம்பி ராடு, ஆறி நிற்கும் வெல்டுக் கோடு பீடு. சுற்றிலும் ஆர்கான் வாயு இறங்கிக் காற்று அண்டாமல் காக்கும். அந்த வேலையில் எங்களுக்கு வந்த ஒரு சிக்கலையும், அதன் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போன விதத்தையும் அளவுகளோடு எழுதி வைக்கிறேன். மெல்லிய ஷீட்டில் பீடு ஒரே சீராக வரவில்லை என்று புலம்பும் பட்டறைக்காரர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் வெல்டரை மாற்றிப் பார்த்தவர்கள்.

வேலை இதுதான். ஆறு பெயின் மேரி கவுண்டர். ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி, 304 கிரேடு, 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. ஷீட். சாப்பாடு வைக்கும் நிலையான அளவுப் பாத்திரத்துக்கு ஜி.என். பான் என்று பெயர். முழு பான் 530 மி.மீ.க்கு 325 மி.மீ. இருக்கும். அதில் நான்கை வரிசையாக இறக்க 1320 நீளம், 510 அகலம், 220 ஆழத்தில் தொட்டி. ஒரே ஷீட்டில் நான்கு மூலையையும் வெட்டி எடுத்து, பக்கங்களை மடக்கினால் தொட்டி ஆகிவிடும். வெல்டு போட வேண்டியது நான்கு செங்குத்து மூலைகள், ஒவ்வொன்றும் 220 மி.மீ. அதன்பின் தொட்டியின் வாயைக் கவுண்டரின் மேல் ஷீட்டோடு சுற்றிலும் இணைக்க வேண்டும். அது ஒன்றே 3.66 மீட்டர்.

முதல் இரண்டு தொட்டி முடிந்ததும் சமையலறை வேலையை மேற்பார்க்கும் ஆலோசகர் வந்தார். விரலால் மூலையைத் தடவிப் பார்த்தார். எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பீடு ஒரு முனையில் ஒல்லியாகத் தொடங்கி மறு முனையில் இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. நிறம் சாம்பல், சில இடத்தில் கறுப்பு. இரண்டு மூலையில் ஓட்டை விழுந்து, ஒட்டுப் போட்டு, தேய்த்திருந்தோம். உள்பக்கம் கையை விட்டால் சர்க்கரைப் பாகு முற்றிப் பூத்தது போல் பொரிப்பொரியாக இருந்தது. தொட்டியின் அடியை அமுக்கினால் டின் டப்பா மாதிரி டப் டப் என்று உள்ளே போய் வந்தது.

எங்கள் வெல்டர் அண்ணனுக்கு 47 வயது. 3 மி.மீ. தகட்டிலும் பைப்பிலும் அவர் போடுகிற பீடைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் எங்களுக்கு வேலை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் மச்சான் அவர் காதுபடவே, "அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு போல" என்று சொல்லிவிட்டார். நானும் மறுத்துப் பேசவில்லை. அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

முதல் சோதனை

மறுநாள் காலையில் அதே ஷீட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மேசை மேல் தட்டையாக வைத்து, இணைப்பு எதுவும் இல்லாமல் சும்மா ஒரு கோடு போடச் சொன்னேன். 200 மி.மீ. நீளத்துக்கு அழகாக வந்தது. அகலம் 3 மி.மீ.யை ஒட்டியே நின்றது. கடைசி 40 மி.மீ. மட்டும் கொஞ்சம் அகன்றது. கை நடுங்குகிறவர் இப்படிப் போட முடியாது. அப்படியானால் கோளாறு இணைப்பில் இருக்கிறது, அல்லது இணைப்பைச் சுற்றியிருப்பதில் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு தொட்டியையும் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்துக்கொண்டோம். அந்த எட்டு மூலைகளும் பிறகு எங்களுக்குப் பாடப்புத்தகம் ஆயின.

ஒவ்வொரு மூலையிலும் 55 மி.மீ.க்கு ஓர் இடம் என்று ஐந்து இடத்தில் பீடின் அகலத்தை வெர்னியரில் அளந்தேன். இன்னும் வெல்டு போடாத மூன்றாவது தொட்டி டேக், அதாவது ஓரங்களைப் பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்டு, மட்டும் அடித்த நிலையில் இருந்தது. அதன் மூலைகளில் ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியை அளந்தேன். ஒரே பெண்டிங் செட்டிங்கில் மடக்கியவை என்பதால் முன் இரண்டுக்கும் இதுவே இருந்திருக்கும். அடி முனையில் இடைவெளி இல்லை. நடுவில் 0.4 மி.மீ. வாய் முனையில் 1.1 மி.மீ. பீடின் அகலம் அடி முனையில் 2.6, நடுவில் 3.5, வாய் முனையில் 5.2. இடைவெளி எப்படி விரிந்ததோ அப்படியே பீடும் விரிந்திருந்தது.

ஆனால் அண்ணன் பெரும்பாலும் அடியிலிருந்து மேல் நோக்கித்தான் போட்டார். போகப்போக ஷீட் சூடேறி, அதனாலும் பீடு அகலலாம் அல்லவா? நல்ல வேளையாக இரண்டாவது தொட்டியில் இரண்டு மூலையை அவர் வாயிலிருந்து அடி நோக்கிப் போட்டிருந்தார். அவற்றில் வாய் முனை 4.4, அடி முனை 3.6. சூடு மட்டும் காரணம் என்றால், கடைசியில் முடித்த அடி முனைதான் அகலமாக இருந்திருக்க வேண்டும். வாய்தான் அகலம் என்பதால் முதல் குற்றவாளி இடைவெளி. அடி முனை 2.6க்குப் பதில் 3.6 ஆனதால் சூட்டுக்கும் பங்கு உண்டு. இந்த இரண்டு மூலை இல்லாமல் போயிருந்தால் இன்னும் ஒரு வாரம் சுற்றியிருப்போம்.

ஓரம்

1.2 மி.மீ. ஷீட்டில் 1 மி.மீ. இடைவெளி என்றால் என்ன நடக்கிறது என்று அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று, இன்னொரு ஹெல்மெட் போட்டுப் பார்த்தேன். ஆர்க் பட்டதும் இரண்டு ஓரமும் உருகுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று சேருவதில்லை. உருகிய உலோகம் தன்னைத்தானே இழுத்து உருண்டுகொள்ளும். ஒவ்வொரு ஓரமும் தன் பக்கம் பின்வாங்கி, நடுவில் சாவித் துவாரம் போல ஒரு ஓட்டை திறக்கிறது. உடனே அவர் வேகத்தைக் குறைத்து ராடை உள்ளே தள்ளுகிறார். ராடு பட்டதும் குட்டை குளிர்கிறது. அதை மறுபடி உருக்க இன்னும் ஒரு நொடி நிற்கிறார். அந்த ஒரு நொடிச் சூடு ஷீட்டுக்குள் போகிறது. அடுத்த இடத்தில் ஓரம் இன்னும் சுலபமாகப் பின்வாங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கை தடுமாறுவது போலத்தான் தெரியும்.

இடைவெளி வந்தது மடக்கும் இயந்திரத்தில். எஸ்.எஸ். ஷீட் சாதா இரும்பை விட அதிகமாகப் பின்னுக்கு எழும்பும். 90 டிகிரிக்கு மடக்கினால் கையை விட்டதும் ஒன்றிரண்டு டிகிரி திறந்துகொள்ளும். 220 மி.மீ. உயரத்தில் கால் டிகிரி விலகினாலே வாயில் கிட்டத்தட்ட 1 மி.மீ. வந்துவிடும். எவ்வளவு மடங்க வேண்டும் என்று நிறுத்தும் ஸ்டாப்பை, நாங்கள் இரும்பு ஷீட்டுக்கு வைத்த அளவிலேயே இதற்கும் வைத்திருந்தோம். அதோடு, ஷியரிங்கில் வெட்டிய ஓரத்தில் பிசிறு அப்படியே இருந்தது. பிசிறு முட்டிக்கொண்டு நிற்பதால் ஓரங்கள் ஒட்டியிருப்பது போலத் தோன்றும். ஆர்க் பட்டதும் பிசிறு காணாமல் போய் இடைவெளி திறக்கும்.

மடக்கும் அளவைச் சரி செய்தோம். பிசிறை ஃபைல் போட்டு எடுத்தோம். ஓரம் ஓரத்தைத் தொடும் பழைய பொருத்தத்தையும் மாற்றினோம். ஒரு பக்கத்தின் ஓரம் மறு பக்கத்தின் கனத்தில் பாதி வரை ஏறி நிற்கும்படி வெட்டினோம். 0.6 மி.மீ. ஏற்றம். இதில் சிறிய பிழை வந்தாலும் இடைவெளி விழாது. ஏறி நிற்கும் அந்தப் பாதிக் கனம் உருகி மூலையை நிரப்பிவிடும், ராடு கொஞ்சமே போதும், வெளி மூலை வட்டமாக வரும். ஒரு தொட்டிக்குப் பொருத்தும் நேரம் 20 நிமிடம் கூடியது. அதற்கு மச்சான் முகம் சுளித்தார். தேய்க்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

டேக் இடைவெளியையும் 70 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ. ஆக்கினோம். அரிசி அளவு டேக், ராடு இல்லாமல், டக்கென்று ஒரு தொடல். முதலில் நடுவில் ஒன்று, பிறகு இரு முனை, பிறகு இடையில். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனால் மறு முனை கத்தரிக்கோல் மாதிரி விரியும் அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

சூடு எங்கே போகும்

எஸ்.எஸ். வேலையில் இருப்பவர்கள் இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். 304 சூட்டைக் கடத்துவது சாதா இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சூட்டில் விரிவது இரும்பை விட ஒன்றரை மடங்கு. கொடுத்த சூடு கொடுத்த இடத்திலேயே தேங்கும். தேங்கிய இடம் அதிகமாக விரியும், ஆறும்போது அதிகமாகச் சுருங்கும். பீடின் அகலம் கூடுவதும் அடி டப் டப் என்று அடிப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு முகம்.

செம்பு எஸ்.எஸ்.ஸை விட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 25 மி.மீ. சதுரச் செம்புப் பட்டை ஒன்றை 230 நீளத்துக்கு வெட்டி, மூலையின் உள்பக்கம் அணைத்து வைத்தோம். அதன் ஒரு விளிம்பை 3 மி.மீ. சரிவாக எடுத்ததால் வெல்டின் பின்புறம் ஒரு குட்டி வாய்க்கால் உருவானது. பட்டைக்குள் நீளவாக்கில் துளையிட்டு, அந்த வாய்க்காலுக்குச் சின்னச் சின்னக் கண் வைத்து, நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆர்கான் விட்டோம். உள்பக்கம் பொரிந்தது இதனால்தான் நின்றது. உருகிய எஸ்.எஸ்.ஸின் முதுகில் காற்று பட்டால் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து அந்தப் பொரியாகிவிடும். சாப்பாட்டுச் சாமானில் அந்தப் பொரி இருக்கக் கூடாது. அழுக்கு அடையும், கழுவினாலும் போகாது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆர்க் செம்பின் மேல் படவே கூடாது. உருகிய செம்பு எஸ்.எஸ்.ஸுக்குள் இருக்கும் நுண்ணிய உலோக மணிகளுக்கு இடையே புகுந்து மயிரிழை விரிசல் விட வைக்கும். வாய்க்கால் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிப்பக்கம் மூலைக்கு 10 மி.மீ. தள்ளி இரண்டு பக்கமும் அலுமினியப் பட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கினோம். அது சூட்டையும் இழுக்கும், ஷீட்டை நேராகவும் பிடிக்கும்.

ஆடிக் காற்று

இந்த வேலை நடந்தது ஆனி கடைசியிலும் ஆடியிலும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் வரும் காற்று அந்த மாதங்களில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பட்டறையின் பெரிய கதவு மேற்குப் பக்கம். உள்ளே சீலிங் ஃபேன் வேறு. காற்று ஆர்கானை அடித்துக்கொண்டு போகிறது என்று அண்ணன் ஃப்ளோவை ஏற்றிக்கொண்டே போய் நிமிடத்துக்கு 18 லிட்டரில் வைத்திருந்தார். கையில் பிடிக்கும் வெல்டிங் டார்ச்சின் முனையில் ஆர்கான் இறங்கும் குழல்தான் கப். எங்களுடையது 5-ஆம் எண், அதன் வாய் 8 மி.மீ.தான். அத்தனை சின்ன வாய் வழியாக அத்தனை வாயுவைத் தள்ளினால் அது சீராக இறங்காது. சுழலும். சுழலும்போது வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குட்டையில் விடும். கூட்டக் கூட்டக் கறுத்தது அதனால்தான்.

கேஸ் லென்ஸ் போட்ட 8-ஆம் எண் கப் வாங்கினோம். அதன் வாய் 12.7 மி.மீ. உள்ளே இருக்கும் மெல்லிய வலை ஆர்கானை நேராக இறக்கும். ஃப்ளோவை 8 லிட்டருக்குக் குறைத்தோம். மூன்று பக்கமும் பழைய தார்ப்பாயில் ஒரு தடுப்பு கட்டினோம், ஃபேனை நிறுத்தினோம். வெயிலுக்கு அது கொஞ்சம் கொடுமைதான், அரை மணிக்கு ஒரு தரம் வெளியே வந்து நின்றுவிட்டுப் போனார் அண்ணன். சோப்பு நுரை போட்டுப் பார்த்ததில் டார்ச் பக்கத்து ஹோஸ் இணைப்பில் குமிழி வந்தது. அதையும் மாற்றினோம். அன்றைக்கே நிறம் மாறிவிட்டது. 304-ல் வெள்ளி நிறமோ வைக்கோல் நிறமோ வந்தால் நல்லது. நீலமும் ஊதாவும் எல்லையில் நிற்பது. சாம்பலும் கறுப்பும் வந்தால் வாயு சரியில்லை அல்லது சூடு அதிகம் என்று அர்த்தம். எங்களுக்கு வைக்கோல் நிறத்தில் நடுவில் மட்டும் லேசான நீலம் வந்தது.

முடிந்ததும் டார்ச்சை உடனே தூக்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. ஆர்க் நின்ற பிறகும் 6 நொடி ஆர்கான் வரும்படி வைத்து, அந்த 6 நொடியும் டார்ச் அங்கேயே நிற்க வேண்டும். முனைப் பள்ளமும் டங்ஸ்டனும் ஆறுகிற வரை அந்தக் கூரை தேவை.

ராடு, டங்ஸ்டன், பல்ஸ்

பட்டறையில் 1.6 மி.மீ. 308எல் ராடுதான் இருந்தது. ஷீட் 1.2, ராடு 1.6. ஷீட்டை விடக் கனமான ராடை உருக்குவதற்காகவே ஆம்ப்ஸை ஏற்ற வேண்டியிருக்கிறது. இதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். 1 மி.மீ. ராடு வாங்கி வந்தோம். 304-க்கு 308எல் சரியான ஜோடிதான். அந்த எல் என்ற எழுத்து கார்பன் குறைவு என்பதைச் சொல்கிறது, 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது. 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் நெடுநேரம் நின்றால் கார்பன் குரோமியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணிகளின் ஓரத்தில் உட்கார்ந்துவிடும். குரோமியம் போன இடம் துருவுக்குத் திறந்த கதவு.

டங்ஸ்டன் 2.4 மி.மீ. இருந்ததை 1.6 ஆக்கினோம். சிவப்பு முனைத் தோரியம் வகையை விட்டு, தங்க நிற முனை லாந்தனம் வகைக்கு மாறினோம். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது. தீட்டும் தூள் மூச்சில் போவது நல்லதில்லை. தீட்டுவதும் இரும்பு தேய்க்கும் அதே கல்லில், குறுக்குவாக்கில் நடந்துகொண்டிருந்தது. குறுக்குக் கோடு உள்ள முனையில் ஆர்க் நிலையாக நிற்காமல் அலையும். தனிக் கல் வைத்து, நீளவாக்கில், முனையின் நீளம் டங்ஸ்டன் கனத்தில் இரண்டரை மடங்கு வரும்படி தீட்டினோம். ஊசி முனையை மட்டும் லேசாகத் தட்டி மழுக்கினோம், அது உடைந்து குட்டைக்குள் விழாமல் இருக்க.

எங்கள் மெஷினில் ஆம்ப்ஸைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடல் கிடையாது. ஆனால் பல்ஸ், அதாவது மின்சாரம் துடிப்புத் துடிப்பாக ஏறி இறங்கும் வசதி, இருந்தது. வாங்கி நான்கு வருடமாக அந்தக் குமிழை யாரும் திருப்பியதில்லை. பழைய தொட்டியை அறுத்து எடுத்த துண்டுகளில் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்து நின்ற அளவு இது: உச்சம் 60 ஆம்ப்ஸ், அடித்தளம் 20, உச்சத்தில் நிற்பது 40 சதவீத நேரம், நொடிக்கு 1.5 துடிப்பு. சராசரி 36 ஆம்ப்ஸ் வருகிறது. முன்னால் விடாமல் 55 ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மெதுவான பல்ஸால் எனக்குத் தெரிந்த பெரிய லாபம், அது தாளம் போட்டுக் கொடுப்பதுதான். உச்சம் வரும்போது குட்டை விரியும், அப்போது ராடால் ஒரு தொடல். அடித்தளத்துக்கு இறங்கும்போது குட்டை சுருங்கும், அப்போது கை ஒரு துளி நகரும். தொடு, நகரு, தொடு, நகரு. 220 மி.மீ.யை 110 நொடியில் முடித்தால் நொடிக்கு 2 மி.மீ. வேகம். நொடிக்கு 1.5 துடிப்பு என்பதால் பீடின் மேல் விழும் அலைகள் 1.3 மி.மீ. இடைவெளியில் வரும். வேகம் மாறினால் அலை இடைவெளி மாறும், உடனே கண்ணுக்குத் தெரியும். அண்ணன் முதல் நாள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே போட்டார். மூன்றாவது நாள் எண்ண வேண்டியிருக்கவில்லை.

சூட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். முன்பு 55 ஆம்ப்ஸ், 10.5 வோல்ட், ஒரு மூலைக்கு 165 நொடி. அதாவது ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய 430 ஜூல். இப்போது 36 ஆம்ப்ஸ், 10 வோல்ட், 110 நொடி. ஒரு மி.மீ.க்கு 180 ஜூல். பாதிக்கும் கீழே. இது ஆர்க்கில் செலவான மொத்தக் கணக்கு, இதில் ஒரு பகுதி காற்றிலும் போகும். இரண்டுக்கும் அது பொது என்பதால் ஒப்பிட இது போதும்.

தொட்டியைத் தரையில் நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, கீழிருந்து மேலே போடுவதையும் நிறுத்தினோம். ஆங்கிளில் ஒரு வி வடிவ ஸ்டாண்டு செய்து, மூலை மேலே பார்க்கும்படி தொட்டியைச் சாய்த்து வைத்தோம். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையை ஒரு பட்டையின் மேல் ஊன்றிக்கொண்டார். ஆர்க்கைப் பற்றவைக்கும் முன் ஒரு தரம் முழு நீளமும் வெறும் டார்ச்சை நகர்த்திப் பார்ப்பார், எங்கே கை இடிக்கும், எங்கே ஹோஸ் இழுக்கும் என்று.

மெல்லிய உலோகத்துக்காகவே பிறந்த வேலை இது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1941-ல் அமெரிக்காவின் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், மக்னீசியம் போன்ற லேசான உலோகத்தை விமானத்துக்காக இணைக்க, டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் வைத்து இதை உருவாக்கினார். அதனால் ஹீலியார்க் என்று பெயர் வந்தது. கனத் தகட்டுக்கு வேறு எத்தனையோ வழி இருக்கிறது. 1.2 மி.மீ.யில் இதைப் போல இன்னொன்று கிடையாது.

கண்

இவ்வளவும் செய்த பிறகு போட்ட சோதனை மூலைகளில் அகலம் சீராகிவிட்டது. ஆனால் பீடு சில இடத்தில் இணைப்புக் கோட்டிலிருந்து அரை மி.மீ., முக்கால் மி.மீ. விலகி ஓடியிருந்தது. ஓரத்தின் ஒரு பக்கம் உருகி, மறு பக்கம் அப்படியே கோடாகத் தெரிந்தது. அந்த இடத்தில் தண்ணீர் கசியும். டங்ஸ்டன் சரி, காற்று இல்லை, பொருத்தம் சரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மதியம் டீ குடிக்கும்போது ஷீட் வந்த சலானை அண்ணனிடம் கொடுத்து, எத்தனை கிலோ என்று பார்க்கச் சொன்னேன். வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். அப்புறம் பக்கத்திலிருந்த ஹெல்பர் தம்பியிடம் கொடுத்து, "நீ படி சாமி" என்றார்.

"அண்ணா, கிட்டத்துல எழுத்து தெரியுதுங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு வருசமாவே மங்கலாத்தானுங்க இருக்கு. கண்ணாடி போட்டா வெல்டருக்கு வயசாயிருச்சும்பாங்க. அதான் சொல்லலை."

3 மி.மீ. தகட்டில் 110 ஆம்ப்ஸ் ஓடும்போது வெளிச்சம் பெரியது, குட்டையும் பெரியது. மங்கலாகத் தெரிந்தாலும் சமாளித்துவிடலாம். 36 ஆம்ப்ஸில் குட்டையே ஒரு மிளகளவுதான். அதன் முன் விளிம்பையும் இணைப்புக் கோட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். அதற்கு மேல் அவருடைய பழைய ஹெல்மெட்டில் 12-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி. 50 ஆம்ப்ஸுக்குக் கீழே 10-ஆம் எண் போதும். அவர் இத்தனை நாள் ஏறக்குறைய இருட்டில், ஞாபகத்தை வைத்து வெல்டு போட்டிருக்கிறார். தட்டையான துண்டில் சும்மா கோடு போட்டபோது பின்பற்ற வேண்டிய இணைப்பு இல்லை, அதனால் அன்று இது தெரியவில்லை.

மறுநாள் கண் பரிசோதனைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். கிட்டத்தில் பார்ப்பதற்கு பிளஸ் 1.75 என்று எழுதினார்கள். அதற்கு ஏற்ற உருப்பெருக்கிக் கண்ணாடித் துண்டை ஹெல்மெட்டின் உள்பக்கம் பொருத்தினோம், முன்னால் 10-ஆம் எண். அன்று போட்ட முதல் மூலையை முடித்து ஹெல்மெட்டைத் தூக்கியவர், பீடைப் பார்க்கவே இல்லை. "கோடு தெரியுதுங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். மச்சான் அவர் பக்கத்தில் போய் நின்று, தான் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

வாய் ஓரமும் துருவும்

3.66 மீட்டர் வாய் ஓரம் வேறு மாதிரிச் சவால். அகலம் சீராக வந்தாலும் மேல் ஷீட் சுருண்டுவிடும். நான்கு பக்கத்தையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிரித்து, 100 மி.மீ. துண்டு துண்டாக, பின்னோக்கிப் போடும் முறையில் செய்தோம். அதாவது வேலை வலது பக்கம் நகரும், ஒவ்வொரு துண்டும் இடது நோக்கிப் போடப்படும். ஒரு துண்டு போட்டதும் எதிர்ப் பக்கத்துக்குப் போக வேண்டும். கை வைத்தால் சுடாத வரை பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது. அலையைத் தொடர்ச்சியாகக் காட்ட, ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டு தொடங்கிய இடத்தின் மேல் 5 மி.மீ. ஏறி, அதை உருக்கி முடிக்கச் சொன்னேன். இரண்டு நீளப் பக்கத்திலும் நடுவில் 1.5 மி.மீ. அளவுக்கு மேடு மிச்சம் இருந்தது. அடியில் தொப்பி வடிவில் மடக்கிய ஒரு டாப் ஹேட் பட்டை கொடுத்து அமுக்கினோம். வெல்டால் மட்டும் அதைத் தீர்க்க எங்களால் முடியவில்லை.

முதல் இரண்டு தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டபோது மூலை ஓரம் பழுப்புப் புள்ளிகள் எழுந்திருந்தன. காரணம் பீடு இல்லை. பக்கத்து மேசையில் இரும்பு கிரைண்டிங் நடந்தது, அந்தப் பொறி வந்து விழுந்திருக்கிறது. வயர் பிரஷும் இரும்புக்குப் பயன்படுத்தியதே. எஸ்.எஸ். பிரஷ், எஸ்.எஸ். டிஸ்க் இரண்டையும் தனியே பூட்டி வைத்தோம். வெல்டுக்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது நன்றாகக் காய்ந்த பின்பே ஆர்க். கடைசியில் பிக்ளிங் பேஸ்ட் தடவிக் கழுவினோம். அதில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் இருக்கிறது. பின்னது தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் எலும்பு வரை இறங்கக்கூடியது. முழங்கை வரை கையுறை, முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், இந்த மூன்றும் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது என்று பட்டறையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஜெல் தடவியதோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்று கீழே சேர்த்திருக்கிறோம்.

அளவுகள்

இரண்டு தொட்டியைப் புதிதாகச் செய்து, ஆறு தொட்டியையும் கொடுத்தோம். 24 மூலை. ஒவ்வொன்றிலும் ஐந்து இடம் என்று 120 அளவு எடுத்தேன். மிகக் குறைந்தது 2.7 மி.மீ., மிக அதிகம் 3.3. மூலைகளின் வெளிப்பக்கம் சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்தோம். கசிவு இருந்தால் வெள்ளையில் கறையாகத் தெரிந்துவிடும். 23 மூலை சுத்தம். ஒன்றில் அடி முனையில் கடுகளவு கறை. இரண்டு மடிப்பும் மூலை இணைப்பும் சந்திக்கும் அந்தப் புள்ளியில் அண்ணன் ஆர்க்கைத் தொடங்கியிருந்தார். அதிலிருந்து 10 மி.மீ. தள்ளித் தொடங்கி, முதலில் புள்ளி நோக்கிப் போய், திரும்பி வரும்படி மாற்றிக்கொண்டோம்.

முன்பு ஒரு தொட்டியின் மூலைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கவே ஹெல்பர் தம்பிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் போனது. இப்போது 25 நிமிடம். பொருத்த 20 நிமிடம் கூடியதைக் கழித்தாலும் ஒரு தொட்டிக்கு ஒரு மணி நேரம் மிச்சம். மச்சான் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மடக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.ஸுக்கென்று தனி ஸ்டாப் அளவை அவரே பெயின்டில் எழுதி வைத்தார்.

ஆலோசகர் மறுபடி வந்தபோது இந்த முறை உள்பக்கமும் கையை விட்டுத் தடவினார். எந்த மூலையை அதிக நேரம் பார்த்தார் என்று அண்ணன் கவனித்து வைத்திருந்தார். அது கண்ணாடி போட்ட பிறகு போட்ட முதல் மூலை. அடுத்த ஆர்டரில் தொட்டி 20 கேஜ், 0.9 மி.மீ. வருகிறது. செம்புப் பட்டையின் சரிவை 3 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.யாகக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். பட்டை மில்லிங்குக்குப் போயிருக்கிறது.